ஏனுங்க... அசையாதீங்க

நான் மோட்டாருக்கு காயில் கட்டுகிறவன். சிங்காநல்லூரில் பட்டறை. டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் கரண்ட் இருக்கிறது என்றுகூட ஒத்துக்கொள்ள மாட்டேன். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன்... இது நடந்தது. எனக்கே நடந்தது.

1996. விடாத தலைவலி. மூளையில் கட்டி இருக்கலாம், சி.டி. ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்றார் டாக்டர். என் மனைவி வரலட்சுமி அழுதுகொண்டே இருந்தாள். எனக்கு அழுகையும் வரவில்லை, பயமும் வரவில்லை. மனசு மரத்துப்போயிருந்தது. கட்டி இருந்தால் சாவு, இல்லாவிட்டால் பட்டறை. அவ்வளவுதான் தோன்றியது.

மத்தியான நேரம். வெறும் வயிறு. ஸ்கேன் எடுக்கும் இல்யாஸ் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். செயின், கடுக்கன், பல்செட்டு எதுவும் இருக்கக் கூடாது. முன்பு ஏதாவது ஊசி ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டார். நரம்பில் மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடாகும், ஒன்றுக்குப் போய்விட்ட மாதிரி இருக்கும், ஆனால் போயிருக்காது என்றார். அழுகையோடு வரலட்சுமி சிரித்துவிட்டாள்.

“ஒண்ணே ஒண்ணுதானுங்க. அசையக் கூடாது. அசைஞ்சா படம் கலைஞ்சுரும்.”

படுத்தேன். நெற்றியில் பட்டை போட்டார். மெஷின் ஓடும்போது உள்ளே யாரும் நிற்கக் கூடாது என்று சொல்லி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். கதவு சாத்திக்கொண்டது. மோட்டாரில் ஸ்டேட்டர் கூட்டுக்குள் ரோட்டர் போகிற மாதிரி என் தலை வட்டத்துக்குள் போனது.

ர்ர்ர்ர்... டக். ர்ர்ர்ர்... டக்.

ஏசிக் குளிர். அதில் ஒரு வாடை... தேங்காய் எண்ணெய். கால் பக்கம் யாரோ வந்து நின்றார்கள். கண்ணை மட்டும் கீழே ஓட்டினேன். பச்சைப் புடவை. ஆஸ்பத்திரி ஆயா என்று நினைத்தேன்.

“ஏனுங்க...”

எங்கள் பக்கம் வழிப்போக்கரைக் கூப்பிடவும் ஏனுங்கதான். பெண்டாட்டி புருஷனைக் கூப்பிடவும் ஏனுங்கதான். ஆயா மரியாதையாகப் பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

“ஏனுங்க... அசையாதீங்க. ஆயிப்போச்சு. நானும் கூடத்தான் வாரேன்.”

என் கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துப் பிடித்தாள். துணியைச் சுற்றினாள். இறுக்கி முடிந்தாள்.

கால் ஆடாமல் இருக்கக் கட்டுகிறார்கள் போல...

அப்புறம்தான் உறைத்தது.

பெருவிரலைச் சேர்த்துக் கட்டுவது யாருக்கு?

பிணத்துக்கு.

காலை உதறினேன். கட்டு விடவில்லை.

ர்ர்ர்ர்... டக்.

நின்றது.

கதவைத் திறந்து வந்த இல்யாஸ் என் கால்மாட்டிலேயே நின்றுவிட்டார். என் பெருவிரல்களில் பச்சைப் புடவைக் கிழிசல்.

“இது யாருங்க கட்டுனது?”

ஆயாம்மா என்றேன். அவர் முகம் வெளுத்தது. கண்ணாடி வழியாக என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாராம், உள்ளே ஒரு ஈ காக்கா இல்லையாம். முடிச்சு அவிழவில்லை. கத்தரியால் வெட்டினார்.

இரண்டு நாள் கழித்து, மூளையில் கட்டி இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. வரலட்சுமி கோயிலுக்கு ஓடினாள். இல்யாஸ் என்னை ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொன்னார். அன்றைக்கு அந்த நேரத்தில் அங்கே படுத்திருக்க வேண்டியவர் நான் இல்லை. காங்கேயத்துக்காரர் ஒருவர். மொபெட்டில் வந்தவர்மேல் லாரி மோதி, நினைவில்லாமல் கொண்டுவந்தார்கள். நாடி இறங்கவே அவரை வாசலோடு அவசரப் பிரிவுக்குத் திருப்பிவிட்டு, என்னை உள்ளே விட்டார்கள். பின்னால் உட்கார்ந்து வந்த அவர் மனைவி சாமியாத்தாள் ரோட்டிலேயே போய்விட்டாள். பச்சைப் புடவை. முந்தானை கிழிந்திருந்ததாம்.

“அவரு?”

“பொழைச்சுட்டாருங்க. அன்னைக்கே கண்ணு முழிச்சுட்டாரு. எப்படின்னு டாக்டருக்கே தெரியலைங்க.”

எனக்குத் தெரிந்தது. புருஷனைக் கூட்டிப்போக வந்தவள் ஆள் மாற்றிக் கட்டிவிட்டாள்.

அன்று ராத்திரி வரலட்சுமி காலுக்கு வெந்நீர் ஊற்றினாள். இரண்டு பெருவிரலிலும் சூடு தெரியவில்லை. சர்க்கரை இல்லை, நரம்பில் கோளாறு இல்லை என்றார்கள். அடுத்த வருஷம் பாதம். அதற்கடுத்த வருஷம் கணுக்கால்...

இப்போது முழங்கால் தாண்டிவிட்டது. மேலேதான் ஏறுகிறது.

கட்டி இல்லை என்று நிம்மதியாகத் தூங்குகிறாள் வரலட்சுமி. விரலைக் கட்டியது யார் என்று அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.