கல்யாணம் போகும் சாவு வீடுகள்

திருத்துறைப்பூண்டியிலிருந்து மன்னார்குடி போகிற சாலையில் நவீன அரிசி ஆலை வைத்திருக்கும் முதலாளிக்குப் பெயர்தான் கல்யாணம். கல்யாண வீடுகளுக்கு அவர் அவ்வளவாகப் போகமாட்டார். சாவு வீடு என்றால் ஒன்றையும் விடமாட்டார். அதாவது, தனக்கு உபயோகப்படுகிற சாவாக இருந்தால்.

இதற்கு அவர் ஒரு நியாயம் வைத்திருந்தார். கல்யாணத்துக்கு ஆயிரம் பேர் வருகிறார்கள். மேடையேறிப் போட்டோவுக்கு நின்றுவிட்டு இறங்குவதற்குள் மாப்பிள்ளைக்கு நம் முகம் மறந்துவிடும். சாவு வீட்டில் அழுது வீங்கிய கண்ணோடு நிற்கிறவன் கையைப் பிடித்துக்கொண்டு அரை நிமிடம் பேசாமல் நின்றால் போதும், அவன் ஆயுசுக்கும் மறக்கமாட்டான். அப்புறம் அவனிடம் அரிசி விற்பதில் என்ன கஷ்டம்?

ஆகவே தினமும் காலையில் டிரைவர் கண்ணுசாமி அவரைக் காரில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சுற்றுச் சுற்றவேண்டும். சுவரில் புதிதாகக் கண்ணீர் அஞ்சலி ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று முதலாளி கண்ணாடியை இறக்கிப் பார்ப்பார். செத்தவர் யார் என்பது அவருக்கு முக்கியமில்லை. கீழே பொடி எழுத்தில் இருக்கிற மகன், மருமகன் பெயர்களைத்தான் படிப்பார். மளிகை மொத்த வியாபாரி, ஓட்டல்காரர், அரசாங்க அதிகாரி என்று ஏதாவது அகப்பட்டால் பூக்கடைக்குப் போன் பறக்கும். ஆளுயர ரோஜா மாலை. போட்டோவில் விழுகிற மாதிரி ஐஸ் பெட்டிக்குத் தலைமாட்டில் நிற்பார். அன்றைக்கு விசிட்டிங் கார்டு நீட்டக் கூடாது, அது அநாகரிகம். பதினாறாம் நாள் நீட்டலாம். அன்றைய சாப்பாட்டுக்கு இலவசமாகப் பத்து சிப்பம் அரிசியும் போகும். ஆலையின் பெயர் அச்சிட்ட பக்கம் வெளியே தெரியும்படி கண்ணுசாமி மூட்டைகளை அடுக்கிவிட்டு வரவேண்டும்.

தொடர்புகளை வளர்த்துக்கொள்வது என்று கல்யாணம் இதைச் சொல்லுவார். ஊரில் இதற்கு வேறு பெயர் உண்டு, அதை இங்கே எழுதுவதற்கில்லை.

ஆலையில் முப்பத்துநாலு பேர் வேலை பார்த்தார்கள். அவர்களை விட்டுவிடாமல் வைத்துக்கொள்வது எப்படி என்று கற்றுக்கொள்ளத் திருச்சியில் ஒரு ஓட்டலில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்தார். வந்த கையோடு வாசலில் ‘நாம் ஒரே குடும்பம்’ என்று பெரிய எழுத்தில் பலகை மாட்டினார். அதற்கு நேர் கீழே கைரேகை வைக்கிற மெஷினை மாட்டினார். டிப்ளமா படித்துவிட்டு வேலைக்கு வந்தவர்களுடைய அசல் சான்றிதழ்களை, பத்திரமாக இருக்கட்டும் என்று வாங்கித் தன் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார். குடும்பத்தில் சாவு என்றால் பெற்றவர்களுக்கு ஒரு நாள் லீவு, மற்றவர்களுக்கு அரை நாள். அதற்கும் கண்ணீர் அஞ்சலி நோட்டீசைக் கொண்டுவந்து காட்டவேண்டும். ஊரிலுள்ள பிணத்துக்கெல்லாம் மாலை போடுகிற மனிதர் போட்ட சட்டம் இது. இதைச் சொல்ல அவருக்கு வாயும் கூசவில்லை.

இந்த முப்பத்துநாலு பேரில் சாமிதுரை ஒருத்தன் போனால் ஆலை படுத்துவிடும் என்பது கல்யாணத்துக்கும் தெரியும். நெல்லை ஊறப்போட்டு, தண்ணீரை வடித்து, ஆவி கொடுத்து அவிக்கிற வேலை அவனுடையது. ஒரு மணி நேரம் அதிகமாக ஊறினால் அரிசியில் வாடை ஏறும், குறைந்தால் நொய்யாகும். பதினெட்டு வருஷமாகச் சாமிதுரை கைபட்ட அரிசியில் வாடை என்று ஒரு கடைக்காரரும் மூட்டையைத் திருப்பியதில்லை. ஆனாலும் கல்யாணம் அவனைப் பற்றிக் கவலைப்பட்டதே கிடையாது. “அவன் எங்கய்யா போவான்?” என்பார். சாமிதுரையின் அம்மா அம்சம், கல்யாணத்தின் அப்பா காலத்தில் அவர்கள் வயலில் நாற்று நட்டவள். அந்த உறவே போதும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் பெயர்கூட அவருக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

இந்தத் தை மாதக் கடைசியில் கல்யாணத்துக்குப் பெரிய மீன் ஒன்று மாட்டுகிற மாதிரி இருந்தது. சென்னையில் நாற்பது கடை வைத்திருக்கிற ஒரு கம்பெனி, வருஷம் முழுக்க அரிசி எடுக்க ஆலை தேடியது. கொள்முதல் பொறுப்பில் இருந்தவர் ராம்கி. அனுப்பிய சாம்பிளை அவர்கள் மூன்று தடவை வடித்துச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள், பிடித்துவிட்டது. வியாழக்கிழமை ராம்கியே நேரில் வருவதாகவும், அன்று அவித்து அரைத்த அரிசியை அங்கேயே சமைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதாகவும் ஏற்பாடு. இந்த ஆர்டரை நம்பித்தான் கல்யாணம் புது மெஷின்களை இறக்கியிருந்தார். கிடைக்காவிட்டால் பாதி ஆலையை நிறுத்தவேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு சாவுச் செய்தி வந்தது. ஒன்று, சாமிதுரையின் அம்மா அம்சம். ஆலையிலிருந்து நாலு கிலோமீட்டர். இன்னொன்று, திருவாரூரில் ஒரு பெரியவர். அவர் ராம்கிக்குச் சொந்தப் பெரியப்பா என்று ஒரு நெல் வியாபாரி போனில் சொன்னபோது கல்யாணத்தின் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்த்திருந்தால், செத்தவர் எழுந்து நாலு கேள்வி கேட்டிருப்பார்.

யோசிக்கவே இல்லை. ஆளுயர மாலை திருவாரூருக்குக் கிளம்பியது. சாமிதுரை வீட்டுக்குச் சின்னதாக ஒரு சம்பங்கி மாலை, லோடு ஏற்றப் போன மினி லாரியில் போயிற்று. கூடவே ஒரு செய்தியும் போயிற்று. புதன்கிழமை சாயங்காலம் வந்து நெல்லை ஊறப்போட்டுவிட்டு, வியாழன் காலை ஐந்து மணிக்கு நெல் அவிக்க நிற்கவேண்டும். அம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் லாரி டிரைவர் அதைச் சாமிதுரையிடம் சொன்னான். சொல்லிவிட்டு அவனே தலையைக் குனிந்துகொண்டான்.

திருவாரூரில் கல்யாணம் தன் வித்தை முழுவதையும் காட்டினார். தலைமாட்டில் நின்றார், கண்ணைத் துடைத்தார், உடலை வண்டியில் ஏற்றும்போது யாரும் கூப்பிடாமலே முன்னால் போய்த் தோள் கொடுத்தார். ராம்கியை மட்டும் காணவில்லை. சென்னையிலிருந்து வரவேண்டுமே, நேராகச் சுடுகாட்டுக்கு வருவாராக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கண்ணுசாமி எடுத்த போட்டோவை, ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’ என்று போட்டு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார். அதே நேரத்தில் அம்சத்தின் சிதைக்கு வரட்டி அடுக்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆலைத் தொழிலாளர்கள் பத்துப் பதினைந்து பேர் போனில் அதைப் பார்த்தார்கள். போன் கை மாறிக்கொண்டே போய்ச் சாமிதுரையிடமும் வந்தது.

புதன்கிழமை மத்தியானம் வரைக்கும் சாமிதுரை போனை எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் கல்யாணமே கிளம்பினார். சாமிதுரையின் தெருவுக்குள் அவர் கார் நுழைவது அதுதான் முதல் தடவை. வீட்டு வாசலில் பந்தல் பாதி பிரித்துக் கிடந்தது. தோளில் துண்டும் சிவந்த கண்ணுமாக ஒருவர் நின்றார். கல்யாணம் நேராகப் போய் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, வழக்கப்படி அரை நிமிடம் பேசாமல் நின்றார்.

“சார், நான் பந்தல் கடைங்க. சேர் எண்ண வந்தேன்” என்றார் அவர்.

அசடு வழிவது என்பதெல்லாம் நமக்குத்தான். கல்யாணம் கையை விட்டுவிட்டுச் சுவரில் கட்டியிருந்த பேனரைப் படித்தார். “அம்சம்… அம்சம் எங்க வீட்ல ஒருத்தி மாதிரில்ல இருந்துச்சு!” என்று பொதுவாகச் சொன்னார். உள்ளே உட்கார்ந்திருந்த பெண்களில் சாமிதுரையின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சாமிதுரை வெளியே வந்தான். மேலில் சட்டையில்லை. “வாங்க. உக்காருங்க” என்று ஒரு சேரை இழுத்துப் போட்டான்.

“நேத்தே வந்திருப்பேன்யா. திருவாரூர்ல ஒரு முக்கியமான சாவு.”

“பார்த்தேங்க. போன்ல போட்டிருந்தீங்க.”

“சரி, நடந்தது நடந்துபோச்சு. இப்ப வந்து நெல்லை ஊறப் போட்டுடு. காலையில அஞ்சு மணிக்கு நீ நின்னாப் போதும். ராம்கி வர்றாரு.”

“நாளைக்குக் காலையில பால் தெளிக்கணுங்க.”

“அதை உன் தம்பி எவனாச்சும் தெளிக்கக் கூடாதா? ரெண்டு மணி நேர வேலைய்யா உனக்கு!”

சேர் எண்ணிக்கொண்டிருந்தவர் எண்ணுவதை நிறுத்தினார்.

“நான் ஒத்தப் புள்ளைங்க” என்றான் சாமிதுரை.

சாமிதுரை மேலே பேசினான். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. “இனிமே நான் மில்லுக்கு வரலைங்க. பதினாறு முடிஞ்சதும் நீடாமங்கலத்துல ஒரு மில்லுல சேர்றேன். ரெண்டு வருஷமா கூப்புட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க. நாந்தான் போவாம இருந்தேன்.”

கல்யாணம் சம்பளத்தைக் கூட்டுவதாகச் சொன்னார். தனி ரூம் தருவதாகச் சொன்னார். அவன் மகளுக்கு ஆபீசில் வேலை போட்டுத் தருவதாகச் சொன்னார். அவனுக்கு மகள் இல்லை. சாமிதுரை கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விட்டான். திரும்பி வரும்போது காரில், “நன்றி கெட்ட பய” என்று முதலாளி மூன்று தடவை சொன்னார். கண்ணுசாமி கண்ணாடியில் ஒரு தடவை அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தான்.

அன்று நெல்லை ஊறப்போட்டவன் சதீஷ். பாய்லர் ஓட்டுகிற பையன், சான்றிதழ் பீரோவில் இருப்பதால் வேலையில் இருந்தான். எப்போது வடிப்பது என்று அவனுக்குச் சொல்ல ஆளில்லை. பொழுது விடிந்ததும் வடித்தான்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ராம்கி வந்தார். நாற்பது வயது, அளந்து பேசுகிற ஆள். ஆபீஸ் பின்கட்டில் சோறு வடித்து மூடியைத் திறந்தபோதே வாடை அடித்தது. ராம்கி இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டுத் தட்டை நகர்த்தி வைத்தார்.

“இது நீங்க அனுப்பின அரிசி இல்லையே சார்.”

“அதேதான், அதேதான். புது நெல்லு, அதான் கொஞ்சம்…” என்று இழுத்த கல்யாணம், தன் கையிலிருந்த பெரிய சீட்டை இறக்கினார். “நீங்களே துக்கத்துல இருக்கீங்க. பெரியப்பா காரியத்துக்கு நாந்தான் கூடவே இருந்தேன். நான்தான் தோள் குடுத்தேன்.”

“ஸ்டேட்டஸ்ல பார்த்தேன்” என்றார் ராம்கி. “எங்க அப்பா பங்கை ஏமாத்தி எழுதிக்கிட்ட மனுஷன் சார் அவரு. கேஸ் இன்னும் நடக்குது. பன்னெண்டு வருஷமா ரெண்டு குடும்பத்துக்கும் பேச்சு கிடையாது. எங்கப்பா செத்தப்ப அவர் வரலை, இப்ப நாங்க போகலை. நீங்க போய்த் தோள் குடுத்தீங்களாக்கும்!”

இந்தத் தஞ்சாவூர்ச் சீமையில் பங்காளி என்று ஒருவரைச் சொன்னால், பேச்சும் போக்குவரத்தும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் யாரும் மறுவார்த்தை பேசுவார்கள். இருபது வருஷமாகச் சாவு வீட்டையே தொழிலாக வைத்திருந்த மேதாவி அதைக் கேட்க மறந்துவிட்டார்.

“சாம்பிள் அவிச்சவர் எங்க?” என்றார் ராம்கி.

“அவன்… வேலையை விட்டு நின்னுட்டான். அவங்க அம்மா தவறிட்டாங்க. செவ்வாய்க்கிழமை.”

“செவ்வாய்க்கிழமையா?” ராம்கி வாட்ஸ்அப் போட்டோவை நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. “நீங்க போகலையா?”

“மாலை அனுப்பினேன்.”

ராம்கி கை கழுவிக்கொண்டு வந்தார். “இந்த வருஷம் வேணாம் சார், வேற மில்லு பார்த்துக்கறோம். அவர் வீடு பக்கத்துலதானே? யாராச்சும் வழி காட்டுனா, துக்கமும் விசாரிச்சுக்குவேன். இனிமே எந்த மில்லுக்குப் போறார்னும் கேட்டுக்குவேன்.”

“நானும் வர்றேன்” என்று கல்யாணம் செருப்பைத் தேடினார்.

“நீங்க இருங்க” என்றார் ராம்கி. கண்ணுசாமிதான் கூடப் போனான்.

ஒரு மணி நேரம் கழித்து அவன் திரும்பி வந்தபோது கல்யாணம் அந்தச் சோற்றுத் தட்டுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். ஆர்டர் போனதுகூட அந்த நேரத்தில் அவருக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டது. சாமிதுரை அங்கே தன்னைப் பற்றி என்னென்ன கொட்டியிருப்பானோ, அது சென்னை வரைக்கும் போய் எத்தனை கம்பெனிக்குத் தெரியுமோ என்ற பயம் பிடித்துக்கொண்டது.

“என்னைப் பத்தி என்னடா சொன்னான்?”

“ராம்கி சார் கேட்டாங்க. உங்க முதலாளி ஆள் எப்படின்னு.”

“திட்டினானா?”

“இல்லீங்க. ஒரு குறையும் சொல்லலை.”

“பின்ன?”

கண்ணுசாமி கார்ச் சாவியை மேஜைமேல் வைத்தான்.

“‘அவரோட எனக்கு அவ்வளவாப் பழக்கம் இல்லைங்க’ன்னான்.”