மேப்புக்கு வெளியே விழுந்த மையம்

ராமுத்தாய் டீச்சரைப் பற்றி யாராவது "பாரபட்சமே பாக்காதவுக" என்று புகழ்ந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தப் பெயரைக் காப்பாற்ற அவர் என்ன பாடுபட்டார் என்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவள் நான். புகழ்கிறவர்களுக்கு என்ன தெரியும்?

கம்பத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் அவர் கணக்கு டீச்சர். நான் வரலாறு. 1996இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அவருடைய புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. சீனிச்சாமி, வேல்பாண்டி, கடைக்குட்டி மகாலட்சுமி என்று மூன்று பிள்ளைகளை ஒற்றை ஆளாக வளர்த்துக்கொண்டிருந்தார். மீன் குழம்பு வைத்தால் மூன்று தட்டிலும் ஒரே அளவு துண்டு விழும். ஊரில் எல்லாத் தாயும் "மூணும் எனக்கு ஒண்ணுதான்" என்பாள். இவர் மட்டும், "மூணு பேரும் எனக்கு ஒரே தூரம்தான் அன்னம்" என்பார். கணக்கு டீச்சர் பேச்சு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

வட்டம் பாடம் வந்துவிட்டால் பள்ளிக்கூடம் முழுக்க அவர் குரல் கேட்கும். போர்டில் x² + y² + 2gx + 2fy + c = 0 என்று எழுதி, மையம் எது என்று கேட்பார். பாதிப் பிள்ளைகள் (g, f) என்று கத்தும். "எத்தன தடவ சொல்றது? ப்ளஸ்னு எழுதியிருந்தா மைனஸ்னு படி. மைனஸ்னு எழுதியிருந்தா ப்ளஸ்னு படி. மையம் எப்பவும் எழுதியிருக்கிறதுக்கு எதிர்ப்பக்கம்தான் உக்காந்திருக்கும்" என்பார். மையம் (−g, −f) என்பது, அடுத்த வகுப்பில் பாண்டியர்களை நடத்திக்கொண்டிருந்த எனக்கே மனப்பாடம். பிள்ளைகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'ப்ளஸ்னா மைனஸ்'.

நான் சேர்ந்த அந்த வருஷம் மகாலட்சுமி அவரிடமே ப்ளஸ் ஒன் படித்தாள். காலாண்டுப் பரீட்சையில் அவளும் அதே தப்பைச் செய்தாள். எல்லாம் சரியாகப் போட்டுவிட்டு மையத்தில் மட்டும் குறியை மாற்ற மறந்துவிட்டாள். பேப்பரை எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தில் அம்மா என்று கூப்பிடக் கூடாது என்பது டீச்சர் போட்ட சட்டம்.

"டீச்சர், இதே தப்புக்கு மத்தவங்களுக்குப் பாதி மார்க் போட்டிருக்கீங்க. எனக்கு மட்டும் சைபர் போட்டிருக்கீங்க."

"ஒனக்கு அம்புட்டுத்தான். கிளாஸுக்குப் போ."

அந்தப் பிள்ளை அழவில்லை. பேப்பரை நாலாக மடித்துக்கொண்டு போனாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "பச்சப்பிள்ள மொகத்தப் பாத்தீகளா டீச்சர்? பாதி மார்க் போட்டா என்ன கொறஞ்சுபோகும்?" என்று சண்டைக்குப் போனேன்.

"எம் மக, அன்னம். அர மார்க் கூடிப்போனாலும் ஊரு என்னையத்தான் பேசும்."

"ஒரே தூரம்னு சொல்வீகளே. அவ மட்டும் தள்ளியில்ல நிக்கிறா?"

அவர் சிவப்புப் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

ப்ளஸ் டூ முடித்ததும் மகாலட்சுமி படிப்பு போதும் என்றாள். கூடலூரில் ஜீப் ஓட்டும் அத்தை மகனைக் கட்டிக்கொண்டு போனாள். கம்பத்திலிருந்து கூடலூர் ஒரு பஸ் தூரம்தான். ஆனால் அவள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் விருந்தாளிபோல வந்து, காப்பி குடித்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடுவாள். மூத்தவன் தேனியில் மின்வாரியத்தில் இருந்தான். அடுத்தவன் சின்னமனூரில் உரக்கடை வைத்தான். டீச்சர் மெயின் ரோட்டில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தார். சாயங்காலம் நான் போனால் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். கீழே கண்டக்டர் "கூடலூர், லோயர்கேம்ப், குமுளி" என்று கத்தும்போதெல்லாம், பேசிக்கொண்டிருந்த பேச்சு நின்றுபோகும். பஸ் திரும்பி மறைகிறவரை பார்ப்பார். அப்புறம், "என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்?" என்று என்னையே கேட்பார். மகள் மேல் அவ்வளவு ஏக்கம். ஒரு நடை போய்ப் பார்த்தால் என்ன என்று கேட்டால், "அவ கூப்பிடணும்ல" என்பார். வருஷக்கணக்காக இதே பாட்டு. எனக்கு எரிச்சல் வந்து காப்பித் தம்ளரை நங்கென்று வைத்துவிட்டு எழுந்து வந்த நாளும் உண்டு.

2006இல் அவர் ஓய்வுபெற்றார். வாடகை வீட்டின் சொந்தக்காரரும் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். இனி யார் வீட்டில் இருப்பது என்ற பேச்சு வந்தது. மகன்கள் இருவரும் முறையாக வந்து கூப்பிட்டார்கள். கூடலூரிலிருந்து சத்தமே இல்லை.

பள்ளிக்கூடத்தில் அவருடைய கடைசி வாரத்தில் ஒருநாள் என் வகுப்பறைக்கு வந்தார். சுவரில் தேனி மாவட்ட மேப் தொங்கியது. "மூணு பேருக்கும் ஒரே தூரத்துல நான் எங்கன குடியிருக்கணும்னு பாத்துருவமா?" என்றார். மேப்பின் மூலையை ஆதிப்புள்ளியாக வைத்து, தேனி, சின்னமனூர், கூடலூர் மூன்றுக்கும் தூரம் அளந்து, மூன்று சமன்பாடு எழுதி, g, f எல்லாம் கண்டுபிடித்தார். பிறகு மர ஸ்கேலை வைத்து இடப்பக்கமாக அளந்துகொண்டே போனார். மேப் முடிந்துவிட்டது. ஸ்கேல் முடியவில்லை. சுவரில் சுவிட்சு போர்டுக்குப் பக்கத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தார்.

"இது எந்த ஊரு டீச்சர்?"

"மலையத் தாண்டி கேரளாவுல எங்கயோ. கடல் பக்கமா இருக்கும். மூணு ஊரும் ஒரே ரோட்டுல வரிசையாக் கெடக்குல்ல, கிட்டத்தட்ட நேர்கோடு. அதுக்கு வட்டம் போட்டா மையம் இப்பிடித்தான் ஓடிப்போகும்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "ஒரே தூரம்னா மூணு பேருக்கும் எட்டாத தூரம் போல" என்றார். அவர் விரல் மேப்பில் கூடலூர் மேலேயே இருந்தது. எடுத்தபோது அந்த ஊர்ப் பெயர் மேல் சாக்பீஸ் அப்பியிருந்தது.

கடைசியில் சின்னமனூர் என்று முடிவானது. வேல்பாண்டி காலையிலேயே சாமான்களை வண்டியில் ஏற்றிப் போய்விட்டான். நான் டீச்சரை வழியனுப்ப கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அவர் முகம் செத்துப்போயிருந்தது.

"நேத்து மகா போன் போட்டுச்சு அன்னம். 'அண்ணன் வீட்டுக்கே போ, இங்கன வராத. வீடு ஒழுகும், ஒனக்குச் சரிப்படாது'ன்னு சொல்லிட்டு வச்சிருச்சு."

"நீங்க கூடலூருக்கு வாரேன்னு அவகிட்டச் சொன்னீகளா?"

"இல்லையே."

"வேற யாரும் சொன்னாகளா?"

"யாரு சொல்லுவா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "வாரேன்னே சொல்லாத ஆளுக்கு எதுக்கு டீச்சர் போன் போட்டு வராதன்னு சொல்லணும்? ஊருப் பிள்ளைகளுக்கெல்லாம் ப்ளஸ்னா மைனஸ்னு படிக்கச் சொல்லிக்குடுத்தீகளே, பெத்த பிள்ள பேசுனத மட்டும் எழுத்துக்கு எழுத்து அப்பிடியே படிப்பீகளா?"

சின்னமனூர் வழியாகப் போகும் தேனி பஸ் வந்து நின்றது. டீச்சர் அதைப் பார்த்தார், ஏறவில்லை. அது போனது. பிறகு அந்தக் கண்டக்டர் குரல், "கூடலூர், லோயர்கேம்ப், குமுளி." டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு படியில் கால் வைத்தார். விட்டுவிட்டு வர மனசு வராமல் நானும் ஏறிவிட்டேன்.

மகாலட்சுமி வாசல் குழாயடியில் ஜீப்பின் சீட் உறைகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். "வராதன்னு சொன்னேன்ல? எதுக்கு வந்த?" என்றாள். கேட்டுக்கொண்டே ஈரக் கையால் அம்மாவின் பையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ப்ளஸ்னா மைனஸ்னு படிச்சேன்" என்றார் டீச்சர்.

"அதப் படிக்க மறந்ததுக்குத்தான் அன்னைக்கு எனக்குச் சைபர் போட்ட." பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஒரே ஒரு தடவ நீ எம் பக்கம் சாஞ்சிருக்கலாம்லம்மா?"

டீச்சருக்கு மூட்டுவலி. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சரிந்துதான் நின்றிருந்தார். "இப்பச் சாஞ்சுதான்டி வந்திருக்கேன்" என்றார்.

மகாலட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"எத்தன நாளைக்கு இருப்ப?"

"நீ போன்னு சொல்றவரைக்கும்."

"போன்னு சொன்னா அதையும் மாத்திப் படிச்சுக்கிட்டு இங்கனயே கெடப்ப" என்று சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். டீச்சர் அவள் பின்னாலேயே போனார்.