முப்பத்தெட்டு சவர்க்காரக் கட்டிகள்

மலாயாவில், ரிங்லெட் கடைத்தெருவுக்குப் பின்னால் இரண்டு அறைப் பலகை வீடு ஒன்று விலைக்கு வந்தது. அதை வாங்கி வாடகைக்கு விடவேண்டுமென்று ஆசைப்பட்டாள் செல்லம். தோட்டக் குடியிருப்பான லயத்தில் பிறந்து லயத்திலேயே கிடந்து தேயிலைக் கொழுந்தெடுத்தவளுக்கு எவ்வளவு துணிச்சல் பாருங்கள்! பாதிப் பணத்தைச் சேர்த்துவிட்டாள். மீதியைக் கேட்டு மளிகைக்கடை ஷம்சுதீனிடம் போனாள்.

அவர் ஏற இறங்கப் பார்த்தார். "நீ யார்கிட்டயும் அஞ்சு காசு கடன் வாங்குனதில்ல. திருப்பிக் குடுப்பியான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அன்றிலிருந்து செல்லம் வாராவாரம் அவரிடமே துணி துவைக்கும் சவர்க்காரம் கடனுக்கு வாங்கினாள். சம்பள நாளில் தவறாமல் அடைத்தாள். கட்டிகளைத் தொடவேயில்லை. என்றைக்காவது கையில் காசில்லாமல் போனால் விற்று அடைக்கலாமே என்று கட்டிலுக்கடியில் பெட்டியில் அடுக்கிவைத்தாள்.

அது அவசரகாலம். லயத்தைச் சுற்றி முள்கம்பி. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்ட்டுகளுக்கு யார் என்ன அனுப்புகிறார்கள் என்று வாசலில் பையைக் குடைந்து பார்த்தார்கள். ஒருநாள் காலையில் போலீஸ் துரை நேராக அவள் வீட்டுக்கே வந்து பெட்டியைத் திறந்தார். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி சுப்பிரமணியம்தான் மொழிபெயர்ப்பு. இவ்வளவும் எதற்கு என்று கேட்டார்கள்.

"நாணயத்துக்குங்க ஐயா" என்றாள் செல்லம்.

கிராணி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அதில் காசைக் குறிக்கும் 'மணி' என்ற சொல் அவள் காதில் விழுந்தது. துரையின் முகம் மாறியதையும் பார்த்தாள். காட்டிலிருப்பவர்களுக்குக் காசுக்கு விற்கிறாளாம்! கிராணி தெரியாமல் சொன்னாரா, வேண்டுமென்றே சொன்னாரா, அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

கடைக்காரரின் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும்படி கெஞ்சினாள். பெட்டியோடு அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே உட்கார்ந்திருந்தபோது, அவர் வரமாட்டார், கடை லைசென்ஸ் போய்விடுமென்று பயப்படுவார் என்றே நினைத்தாள். மத்தியானம் ஷம்சுதீன் புத்தகத்தோடு வந்தார். புத்தகத்தில் முப்பத்தெட்டு கட்டி. பெட்டியிலும் எண்ணினார்கள், முப்பத்தெட்டு. ஒன்றுகூட வெளியே போகவில்லை. அவளை விட்டுவிட்டார்கள்.

வெளியே வந்ததும் செல்லம் நின்றாள். "ஷம்சுதீன் நானா, போலீஸ்ல சொன்னது நீங்கதானே?"

அவர் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "வந்து கேட்டாங்க லா. பயத்துல சொல்லிட்டேன். ஒருத்திக்கு எதுக்கு இவ்ளோ சவர்க்காரம்னு எனக்கும் சந்தேகம்தான்."

"ஒங்ககிட்ட பேரெடுக்கத்தான் வாங்குனேன்."

மறுநாளே அவர் கடன் பத்திரம் எழுதி நீட்டினார். செல்லம் உடனே கைநாட்டு வைக்கவில்லை. பள்ளிக்கூட வாத்தியாரிடம் ஒருமுறை, தபால்காரரிடம் ஒருமுறை வாசிக்கச் சொல்லி, இரண்டும் ஒன்றாக இருந்த பிறகே கட்டைவிரலை மையில் தொட்டாள்.

அடுத்த மாதம் பலகை வீடு அவளுடையதாயிற்று. அதில் ஓர் அறைக்கு ஒரு லோரி டிரைவர் குடிவந்தார். நல்ல மனிதர் என்று ஊரே சொன்னது. செல்லம் இரண்டு மாத வாடகையை முன்பணமாக வாங்கிக்கொண்டுதான் சாவியைக் கொடுத்தாள்.