கருவிக்குள் ஒரு பச்சை விளக்கு

விழித்திரையைப் படம் எடுக்கும் கருவிக்குள் ஒரு சின்னப் பச்சை விளக்கு உண்டு. கடுகளவுதான் இருக்கும். தாடையைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டிக்கொண்டு உட்காருகிறவர் அந்த விளக்கைப் பார்க்க வேண்டும். கண் அங்கே நிலைத்தால்தான் விழித்திரை எனக்கு நேராக வரும், படம் தெளிவாக விழும். கெலுகோரில், பல்கலைக்கழகத்தின் கண் ஆய்வுக்கூடத்தில், பல வருடங்களாக என் பிழைப்பே "பச்சை விளக்கைப் பாருங்க" என்று சொல்வதுதான். தமிழில், மலாயில், அரைகுறைச் சீன ஹொக்கியனில். சாலையில் பச்சை விழுந்தால்கூட என் வாய் அதை முணுமுணுக்கிறது என்று என் மனைவி கேலி செய்வாள். எத்தனையோ கண்கள் அந்த விளக்கில் வந்து நின்றுவிட்டுப் போயிருக்கின்றன. ஆனால் அதைப் பார்க்கும்போது எனக்கு ஞாபகம் வருகிறவர் ஒருவர்தான். எங்கள் கட்டடத்தில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு டாக்டர் மேல்தான் விழ வேண்டும். இருந்தாலும் பெயர் சேர்க்காமல் டாக்டர் என்று சொன்னால் அது அவரை மட்டும்தான் குறிக்கும்.

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து மலாய் நாட்டுக்குக் குமாஸ்தா வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண். ஒல்லியான உருவம், கழுத்தில் சங்கிலி மாட்டிய கண்ணாடி, யாரையும் உட்கார வைத்துவிடும் குரல். விழித்திரை எப்படி உருவாகிறது, எப்படிச் சிதைகிறது, சிதையாமல் எப்படிக் காப்பது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. வெளிச்சத்தை வாங்கும் செல்கள் பிறப்பதற்கென்று ஒரு பருவம் இருக்கிறது, அது முடிந்தபின் புதிதாக ஒன்றும் பிறக்காது, போனது போனதுதான் என்று வகுப்பின் முதல் நாளிலேயே சொல்லிவிடுவார். பஸ் நேரம் சொல்வது போலச் சொல்வார். அவருடைய கறார் எங்களுக்குப் பெரிய தலைவலி. எழுந்தால் நாற்காலியை உள்ளே தள்ள வேண்டும். நடைபாதையில் ஒரு பெட்டியைக்கூட வைக்கக் கூடாது. இடுக்கியும் கத்தரியும் எடுத்த இடத்துக்கே திரும்ப வேண்டும், ஒரு விரல்கூட நகரக் கூடாது. சாயங்காலம் ஆனால் போதும், யார் என்ன பேசிக்கொண்டிருந்தாலும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ராத்திரி விருந்து எதற்கும் வந்ததில்லை. தலைக்கனம் என்று சிலர் சொன்னார்கள். நானும் தலையாட்டியிருக்கிறேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவருடைய கண்ணையும் படம் எடுத்து, பெயர் எழுதி, நடைபாதைச் சுவரில் ஒட்டிவிடுவோம். மற்ற அலுவலகங்களில் முகங்கள் இருக்கிற இடத்தில் எங்களுக்கு ஆரஞ்சு வட்டங்கள். நிறம், வயது எல்லாம் வேறாக இருந்தாலும் உள்ளே எல்லோரும் ஒரே ஆரஞ்சுதான் என்று பார்க்க வருகிறவர்களிடம் பெருமையடிப்போம். அந்த வரிசையின் தொடக்கத்தில் ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தது. அது டாக்டருடையது. கேட்டால், "வயசான கண்ணு, அதுல பாக்க என்ன இருக்கு லா" என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

வகுப்பில் அவர் காட்டும் படங்களில் ஒரு நோயாளியின் கண் இருந்தது. ஒரே கண், வருடத்துக்கு ஒரு படம். பரம்பரையாக வரும் விழித்திரைச் சிதைவு. முதலில் இருட்டில் பார்வை போகும். பிறகு ஓரங்கள் போகும். கடைசியில் நடுவில் ஒரு துண்டு மட்டும் மிஞ்சும். படங்களை வரிசையாக வைத்தால், ஓரத்தில் கரிக்குச்சியால் கிறுக்கியது போன்ற கறுப்பு, வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஏறி வருவது தெரியும். கடைசிப் படத்தைத் திரையில் நிறுத்திவிட்டு, "இந்தக் கண்ணுல நாம எதைக் காப்பாத்தலாம்?" என்று கேட்பார். நோயாளி யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. படங்களை எடுத்தது எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்த சீன அங்கிள். அச்சடித்து, நெகிழித்தாள் போட்டு ஒட்டுவதோடு என் பங்கு முடிந்துவிடும். அதனாலேயே அந்தக் கண் எனக்கு நன்றாகப் பழகியிருந்தது. ரத்தக்குழாய்கள் கைரேகை மாதிரி, ஆளுக்கு ஆள் வேறு. இந்த நோயாளிக்கு மேலே போகும் குழாய் பிரிகிற இடத்தில் ஒரு சின்னக் கொக்கி வளைவு இருந்தது.

அங்கிள் ஓய்வு பெற்ற வருடம், ஒரு மத்தியானம் டாக்டர் என் அறைக்கு வந்தார்.

"தம்பி, நோயாளி வந்திருக்காங்க. இந்த வருஷப் படத்த எடுத்துரலாம்."

நான் நடைபாதையை எட்டிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. "எங்க டாக்டர்? டாய்லெட்டுக்குப் போயிருக்காங்களா?"

அவர் கதவைச் சாத்தினார். நாற்காலியின் முதுகைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து சொட்டு மருந்தை எடுத்துத் தானே கண்ணில் விட்டுக்கொண்டு, கண்மணி விரியும் வரைக்கும் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு தாடையைத் தாங்கியில் வைத்தார். பச்சை விளக்கைப் பாருங்க என்று நான் சொல்வதற்குள்ளேயே கண் அங்கே வந்து நின்றுவிட்டது. திரையில் அந்தக் கொக்கி வளைவு தெரிந்தது.

"நோயாளி எப்படி இருக்காங்க?" என்றார்.

"கறுப்பு இன்னும் கொஞ்சம் உள்ள வந்திருக்கு, டாக்டர்."

"சரி. அதுக்கு ஏன் குரல் நடுங்குது? நோயாளிக்கு முன்னாடி அப்படிப் பேசக் கூடாது, தம்பி."

அன்றைக்கு அவர் சொன்னது இவ்வளவுதான். அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். சொந்தம் வெளியே போகக் கூடாது என்று செய்த கல்யாணம். "இதுவும் வெளிய போகல" என்றார். மூத்த அண்ணனுக்குப் பார்வை முழுவதும் போய் வீட்டில் இருக்கிறார். அண்ணனுக்கு வந்த ஒவ்வொன்றும் சில வருடம் கழித்துத் தங்கைக்கும் வந்துகொண்டிருந்தது. அவர் தன் நாளையை அண்ணனுடைய நாற்காலியில் தினமும் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். வெளியே சொன்னால் உதவிக்காவது ஆள் வருமே என்றேன். "தனக்கே மருந்து தேடுறவ, வர்ற முடிவையெல்லாம் தனக்குச் சாதகமா பாப்பாளோன்னு சந்தேகப்படுவாங்க. வேற ஒருத்தர் இப்படி இருந்தா நானே அப்படித்தான் கேப்பேன். என் கண்ணு போனா போவுது. வேலை போயிரக் கூடாது" என்றார். சிதைவைத் தடுக்கத் தேடிய மருந்தை ஆய்வுக்கூட எலிகளில் எதற்குக் கொடுத்தது, எதற்குக் கொடுக்கவில்லை என்பதை அவர் ஏன் கடைசிவரை தெரிந்துகொள்ள மறுத்தார், பிழைத்த செல்களை எண்ணும் வேலையை ஏன் எப்போதும் அடுத்த துறைக்காரர்களிடம் கொடுத்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தன் ஆசைக்குத் தானே காவல் போட்டிருந்தார்.

அன்று முதல் நானும் மாட்டிக்கொண்டேன். காலையில் அவர் வருவதற்கு முன்னால் நடைபாதையில் ஒரு நடை நடந்து, யாராவது வைத்த பெட்டியை நகர்த்துவேன். புதுப் பிள்ளைகள் நாற்காலியை வெளியே விட்டால் கத்துவேன். "அண்ணனுக்கு டாக்டர் காத்து அடிச்சிருச்சு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். தலைக்கனம் என்று யாராவது பேச்செடுத்தால் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து போவேன். எனக்கு வீடு கடலுக்கு அக்கரையில், செபராங் ஜெயாவில். சாயங்காலம் பாலத்தில் கார்களும் லாரிகளுமாகக் கெரேத்தாக்கள் நெரிந்து நிற்கும்போது, முன்னாலும் போக முடியாது, திரும்பவும் முடியாது, கீழே கடல். அந்த நேரத்தில் தினமும் அவர் நினைப்பு வரும். அவர் நிம்மதியாக நடக்க முடிகிற இடம் எங்கள் ஆய்வுக்கூடம் ஒன்றுதான், அதுவும் எல்லாம் வைத்த இடத்தில் இருக்கிற வரைக்கும்தான். வெளியூர் மாநாடு, புது ஓட்டல், தெரியாத படிக்கட்டு எல்லாவற்றுக்கும் ஏதாவது சாக்கு. அவர் சாமர்த்தியமாகக் கட்டிய அறைக்குள் அவரே பூட்டப்பட்டிருந்தார், சாவியில் பாதி என்னிடம் இருந்தது. அதை என்னால் யாருக்கும் கொடுக்கவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் முடியவில்லை.

ஒரு வகுப்பை மறக்கவே முடியாது. வகுப்பு ஆங்கிலத்தில்தான் நடக்கும், நம் பிள்ளைகள் இருந்தால் தமிழும் இடையில் வந்துவிடும். திரையில் கடைசிப் படம். எதைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் கேட்டார். பத்து காவான் ஊரிலிருந்து வரும் ஒரு பெண், கெட்டிக்காரி, படக்கென்று சொன்னாள். "முடிஞ்சிருச்சு லா டாக்டர். இதுல காப்பாத்த ஒண்ணும் இல்ல."

பிள்ளைகள் சிரித்தார்கள்.

"நடுவுல?" என்றார் டாக்டர்.

"நடுவுல கொஞ்சம் இருக்கு. அதுவும் போயிரும்."

"எப்போ?"

அந்த ஒரு சொல்லை அவர் ஆசிரியராகக் கேட்கவில்லை. கணினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. அந்தப் பெண் தோளைக் குலுக்கினாள். தப்பு அவள் மேல் இல்லை, படத்தைப் பார்த்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். "சரியான பதில்" என்று சொல்லிவிட்டு டாக்டர் திரும்பினார். யாரோ வெளியே விட்டிருந்த நாற்காலியில் முழங்கால் மோதி, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பாதி எழுந்துவிட்டேன். அவர் கையை இடுப்பளவுக்குத் தாழ்த்தி, உட்கார் என்று சைகை காட்டினார். நாற்காலியை உள்ளே தள்ளாததற்காக எல்லோரையும் திட்டித் தீர்த்துவிட்டு, அடுத்த படத்தைப் போடச் சொன்னார். போட்டேன்.

மருந்து பலித்தது. கண்ணைக் கெடுக்கும் வெளிச்சத்தை எலிகள் மேல் பாய்ச்சுவதற்கு முன்பே கொடுத்தால், வெளிச்சம் வாங்கும் செல்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன. பின்னால் கொடுத்தால் ஒரு பலனும் இல்லை. அடுத்த துறைக்காரர்கள் எண்ணிச் சொன்ன அன்று ஆய்வுக்கூடமே கூத்தாடியது. கறி பஃப் வந்தது, நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் வந்தது. டாக்டர் எல்லோருக்கும் கை கொடுத்தார். அப்புறம் என் அறைக்கு வந்து, கதவைச் சாத்தி, அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். சந்தோஷமா டாக்டர் என்று கேட்டேன்.

"ரொம்ப சந்தோஷம். இனி பொறக்குற பிள்ளைங்களுக்கு ஒரு வழி இருக்கலாம்." பிறகு, "முன்னாடியே கொடுக்கணும், தம்பி. முன்னாடியே" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். வேலையில் கடைசி நாள் வரைக்கும் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறை படம் எடுக்க வந்துவிடுவார். போன வாரம் வந்தார், கையில் வெள்ளைக் கோலோடு. வாசலில் இறக்கிவிட்ட வாடகைக் காரோட்டி கூட வருகிறேன் என்றதற்கு, "இந்த நடைபாதைய நான்தான் சுத்தமா வெச்சிருந்தேன், எனக்குத் தெரியும்" என்று அனுப்பிவிட்டார். சுவரில் இருக்கும் கண்களின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே நடந்தவர், காலி இடம் வந்ததும் நின்றார்.

"இந்த வருஷப் படத்த இங்க ஒட்டிருங்க. பேர் போட்டு."

"ஏன் டாக்டர், இப்ப?"

"வேற நாட்டுக்காரங்களும் அதே மருந்தக் கொடுத்து எண்ணிப் பாத்துட்டாங்க. அதே முடிவுதான். இனிமே என் கண்ணப் பாத்து என் வேலைய யாரும் சந்தேகப்பட முடியாது."

அவ்வளவு லேசான குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. எனக்கும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. உட்கார்ந்து, சொட்டு மருந்து விட்டு, மழையைப் பற்றிப் பேசி, எல்லாம் வழக்கம் போல. தாடையைத் தாங்கியில் வைத்தார். நான் விளக்கைப் போட்டேன்.

கண் நிற்கவில்லை. மேலே போனது, இறங்கியது, வலப்பக்கம் போய்த் தேடியது. ஒவ்வொரு வருடமும் நான் சொல்வதற்கு முன்பே வந்து நின்ற கண்.

"என்ன தம்பி, விளக்க இன்னும் போடலையா?"

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இப்பத்தான் போடுறேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவரிடம் அப்படிச் சொல்ல முடியாது.

"போட்டிருக்கேன், டாக்டர்."

தாங்கியைப் பிடித்திருந்த அவர் விரல்கள் இறுகி, மெதுவாகத் தளர்ந்தன. தாடையை மட்டும் எடுக்கவில்லை.

"அப்ப, நான் நேரா பாக்குறேனான்னு நீங்கதான் சொல்லணும்."

"கொஞ்சம் இடது பக்கம், டாக்டர்" என்றேன். "இன்னும் கொஞ்சம். லேசா கீழ." கொக்கி வளைவு திரைக்குள் வந்தது. "அங்கதான். அங்கயே பாருங்க."

அவர் அங்கேயே பார்த்தார். கொஞ்சமும் ஆடவில்லை.