ஒத்திகைக்கார அஞ்சலாட்சி

வெயில் இன்னும் மாடிச் சுவரை விட்டு இறங்கவில்லை. அதற்குள் அஞ்சலாட்சி இலை போட்டுவிட்டாள். மில்லிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த கலியமூர்த்தி இலையையும் ஆகாயத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாடி இது, டீ குடிக்கற நேரத்துல சோறு?"

"உக்காருங்க. பொழுது சாயறதுக்குள்ள துன்னு முடிக்கணும். அப்பறம் விடியற வரைக்கும் வாயில ஒண்ணும் போவக்கூடாது."

"நாம போறது அடுத்த மாசம்!"

"அதுக்குத்தான் இப்பவே. அங்க போயி உங்க வயிறு கூப்பாடு போட்டா?"

முதலியார்பேட்டையில் அஞ்சலாட்சியின் ஒத்திகை பிரசித்தம். மில்லில் நூல் சுற்றும் பகுதியில் வேலை. கை நூலைச் சுற்றும்போது வாய் ஏதாவது ஒரு வசனத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும். மகள் பிறந்ததை, பிரெஞ்சுக்காரன் காலத்தில் மேரி எனப்பட்ட நகராட்சி ஆபீசில் பதியப் போவதற்கு முன்னால் கலியமூர்த்தியை வாசலில் நிறுத்தி, "பொன்ழூர் முசே, பொன்ழூர் முசே" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லவைத்துத் தெருவையே வேடிக்கை பார்க்கச் செய்தவள். துக்கம் கேட்கப் போவதானால் அதற்கும் ஒரு ஒத்திகை உண்டு. ஏனென்றால் கலியமூர்த்தி ஒருமுறை பிணத்தின் தலைமாட்டில் நின்றுகொண்டு, "இந்த ஊஞ்சப் பலக தேக்கா?" என்று கேட்டவர்.

இப்போதைய ஒத்திகை செஞ்சி பக்கத்துச் சமணக் கிராமம் ஒன்றுக்காக. தரணேந்திர நயினார் அங்கே விவசாயம் செய்கிறவர். அவர் மனைவி ஜெயவதிக்குக் கண்ணில் அறுவை நடந்தபோது, டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்வர வசதியாக அஞ்சலாட்சி வீட்டுக்கு அடுத்த அறையில் சில வாரம் வாடகைக்கு இருந்தார்கள். இரண்டு குடித்தனத்துக்கும் ஒரே முற்றம். நயினார் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிப்பதையும், பொழுதோடு சாப்பிட்டுவிட்டு வாய் கொப்பளிப்பதையும் அஞ்சலாட்சி பார்த்தாள். மறுநாளே முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த நெத்திலியை வாரி மூட்டை கட்டித் தன் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அவர்கள் இருந்தவரை அந்த வீட்டில் மீன் வாடையே இல்லை. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஊருக்குக் கிளம்பிய அன்று ஜெயவதி, கண்ணில் இன்னும் பச்சைத் துணி தொங்க, அவள் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டு, "மல்லாட்டை பிடுங்கும்போது எல்லாரும் வரணும் அஞ்சல" என்று நிலக்கடலை அறுவடைக்கு அழைத்தார்.

அழைப்பை முகமனாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் அஞ்சலாட்சிக்குக் கிடையாது. பிரெஞ்சுக்காரன் போன பிறகு எல்லையில் மூட்டையைப் பிரித்துப் பார்க்கும் சுங்கக்காரனும் இல்லை. போகவேண்டியதுதான்.

வீட்டில் சட்டங்கள் வந்தன. மண்ணுக்குள் விளைவது ஆகாது என்று வெங்காயம் போயிற்று, கிழங்கு போயிற்று. "மல்லாட்டையும் மண்ணுக்குள்ளதானம்மா வெளையுது?" என்று மகள் சுலோசனா கேட்டாள். "அத அவுங்க பாத்துப்பாங்க. நீ வாய மூடு" என்று பதில் வந்தது. அடுத்து வார்த்தைகளில் கை வைத்தாள். "கொன்னுடுவேன்", "வெட்டிடுவேன்" இரண்டும் தடை. கலியமூர்த்திக்கு அது சோற்றைவிடப் பெரிய இழப்பு. மகள் கண்ணாடியைப் போட்டு உடைத்தபோது, "உன்ன... உன்ன..." என்று வெகுநேரம் திணறிவிட்டு, "உன்ன நல்லா பாத்துக்கறேன்" என்று முடித்தார். கொசு கடித்தால் ஊதித்தான் விரட்டவேண்டும்.

கலியமூர்த்தியின் தம்பி காத்தவராயன்தான் அடங்கவில்லை. அவன் துய்ப்ளேக்ஸ் வீதியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை செய்கிறவன்.

"அண்ணி, மொதலாளி கேமரா எரவல் தரேன்னிருக்காரு. அவுங்க தண்ணி வடிகட்டறது, பொழுதோட துன்றது, அவுங்க சாமியாருங்க, அல்லாத்தயும் புடிச்சாந்துடறேன். எவன்கிட்டயும் இல்லாத படம்!"

அஞ்சலாட்சி அரிந்துகொண்டிருந்த அவரைக்காயைக் கீழே வைத்தாள்.

"போன வருசம் மில்லு கேட்டாண்ட நாங்க சோறு துன்னுக்கினு இருந்தோம். ஒரு வெள்ளக்காரன் காருல வந்து எறங்கனான், படம் புடிச்சான், போய்க்கினே இருந்தான். நீ யாரு, உம் பேரு இன்னான்னு ஒரு வார்த்த கேக்கல. அந்தப் படம் இப்ப எந்த ஊருல எவன் வூட்டுச் செவுத்துல தொங்குதோ. வாயில சோத்தோட நான்."

காத்தவராயன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"கேமரா வந்தா நீ வர வேணாம். நீ வந்தா கேமரா வர வேணாம்."

அவன் வந்தான்.

எல்லாவற்றையும் ஒத்திகை பார்த்தவள் பஸ்ஸை ஒத்திகை பார்க்க முடியவில்லை. மயிலம் தாண்டியதும் அது பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொண்டது. டிரைவர் அடியில் படுத்தார், கண்டக்டர் மேலே ஏறினார், இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டினார்கள். புளியமர நிழல் நீண்டுகொண்டே போயிற்று. பகலில் போய்ச் சேர்ந்து, பொழுதோடு அவர்களுடன் உட்கார்ந்து சாப்பிடவேண்டும் என்பதுதான் ஒரு மாதமாக அவள் கட்டிவைத்த திட்டம். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குவதை அவள் மில்லில் அறுந்த நூலைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு எல்லாரையும் மரத்தடியில் கூட்டினாள்.

"கேளுங்க. இருட்டுல போயி அவுங்க வூட்ல சோத்துக்கு உக்காரக்கூடாது. கேட்டா, வழியிலயே சாப்ட்டுட்டோம்னு சொல்லணும். எங்க, சொல்லுங்க?"

"வழியிலயே சாப்ட்டுட்டோம்" என்றார்கள் பசியோடு.

ஒருவழியாக பஸ் கிளம்பி அவர்களை இறக்கிவிட்டபோது, ரோட்டில் நயினாரின் மாட்டுவண்டி காத்திருந்தது. வீடு போய்ச் சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. வாசலில் ஜெயவதி நின்றார். இப்போது கண் தெளிவாகத் தெரிகிறது, ஒவ்வொருவர் முகத்தையும் கிட்ட வந்து பார்த்து, "இதுதான் கலியமூர்த்தியா? குரலைக் கேட்டு இன்னும் குண்டா இருப்பீங்கன்னு நெனைச்சேன்" என்று சிரித்தார். கூடத்தில் கண்ணாடி போட்ட அரிக்கேன் விளக்கு எரிந்தது. அதைச் சுற்றிப் பூச்சி அண்டாமல் மெல்லிய துணி. கீழே வரிசையாக இலைகள்.

"கைகால் கழுவிக்கிட்டு உட்காருங்க. வெளிச்சத்துலயே சமைச்சி மூடி வெச்சிட்டேன்."

"நாங்க வழியிலயே சாப்ட்டுட்டோம்க்கா."

"ஆமா, சாப்ட்டுட்டோம்" என்றார் கலியமூர்த்தி, இலையைப் பார்க்காமல்.

"இல்ல பெரிம்மா, ஒண்ணும் சாப்புடல" என்றாள் சுலோசனா. "அம்மாதான் அப்டி சொல்லச் சொன்னாங்க. மரத்தடியில சொல்லிக் குடுத்தாங்க."

ஜெயவதியின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. அவர் மூடிவைத்த பாத்திரங்களின் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தார்.

"ஏன் அஞ்சல? எங்க வீட்டுச் சோறு வேணாமா?"

"ஐயோ, அப்டி இல்லக்கா! பொழுது சாஞ்சா இந்த வூட்ல யாரும் துன்ன மாட்டீங்க. நாங்க வந்து இருட்டுல உக்காந்து... உங்க மொறய நாங்களே கெடுக்கறதா?"

நயினார் ஓரமாக நின்றிருந்தார். "ராத்திரி சாப்பிடாதது எங்க நியமம் அம்மா. வந்தவங்களப் பட்டினி போடறது எங்க நியமம் இல்ல" என்றார்.

அப்போதும் அவள் நின்றுகொண்டே இருந்தாள். ஜெயவதிதான் நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கோசரம் உன் முத்தத்துல மீனு காய வைக்கறத நிறுத்தினியே. கண்ணு கட்டியிருந்தா மூக்குமா கட்டியிருந்தது? எனக்குத் தெரியும். ஏன் இப்படிப் பண்றேன்னு தடுத்தேனா? வாங்கிக்கிட்டேனே. நான் செஞ்சத நீ வாங்கிக்கக்கூடாதா?"

இந்தக் கேள்விக்கு அஞ்சலாட்சியிடம் வசனம் இல்லை. கொல்லைக்குப் போய்க் கால் கழுவிக்கொண்டு, முந்தானையில் முகத்தையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டு வந்து, முதல் ஆளாக உட்கார்ந்தாள். சுரைக்காய்க் கூட்டும் பயறும் கீரையும் மோரும். கலியமூர்த்தி மூன்றாம் தரம் சோறு வாங்கிக்கொண்ட சமயம், முழங்காலில் உட்கார்ந்த கொசுவைப் படாரென்று அடித்துவிட்டார். எல்லாரும் உறைந்தார்கள். அவர் கையை எடுக்கப் பயந்து அப்படியே வைத்திருந்தார்.

"கைய எடுத்துப் பாருங்க, தப்பிச்சிருக்கும்" என்றார் நயினார்.

தப்பித்திருந்தது. முதலில் சிரித்தவர் ஜெயவதி.

மறுநாள் பூராவும் நயினாரின் நிலத்தில் எல்லாருமாக மல்லாட்டை பிடுங்கினார்கள். காத்தவராயன் மண்ணை உதறி உதறி அரை வயிறு பச்சைக் கொட்டையாலேயே நிரப்பிக்கொண்டான். ஜெயவதியும் அஞ்சலாட்சியும் ஒரே வரிசையில் குனிந்து, மெல்லிய குரலில் எதையோ பேசிக்கொண்டே போனார்கள். அந்தப் பேச்சு வரிசை முடிந்தும் முடியவில்லை. கிளம்பும்போது ஒரு சாக்கு நிறைய வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அஞ்சலாட்சி வேண்டாம் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

முதலியார்பேட்டையில் சாக்கை இறக்குவதற்குள் முற்றம் நிறைந்துவிட்டது. எந்த ஊருக்குப் போய் வந்தாலும் அந்த ஊர் ஆட்களின் நடையையும் பேச்சையும் அஞ்சலாட்சி அப்படியே நடித்துக் காட்டுவாள். அதைப் பார்க்கப் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வருவார்கள். எதிர் வீட்டு வேம்பு முன்வரிசையில் மடியைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சொல்லுடி, அவுங்க எப்டி இருந்தாங்க? தண்ணிய எப்டி வடிகட்டறாங்க, செஞ்சி காட்டு. ராத்திரி உங்களயும் பட்டினியா போட்டுட்டாங்களா?"

அஞ்சலாட்சி சாக்கின் வாயை அவிழ்த்தாள். முறம் நிறைய மல்லாட்டையை அள்ளி, வேம்புவின் விரித்த மடியில் கொட்டிவிட்டு, அடுத்தவளிடம் போனாள்.