ரேகை இல்லாத கட்டைவிரல்

ரசூல் பீவியக்கா திருவொற்றியூரில் எங்கள் உலோக மெருகுப் பட்டறைக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. முதல் பதினைந்து வருடம் அமிலத் தொட்டியில் தகடு கழுவினார். கிழிந்த கையுறையை மாற்றித் தர முதலாளி ஜெகதீசனுக்கு என்றைக்கும் மனம் வந்ததில்லை. விரல் ரேகை அத்தனையும் போய்விட்டது. ராயபுரம் ரேஷன் கடையில் மாதாமாதம் விரலை வைத்து வைத்துப் பார்ப்பார், மெஷின் ஒப்புக்கொள்ளாது. நாலு வருடம் முன்புதான் என் பக்கத்து மெருகு மேசைக்கு வந்தார். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, வேலை தொடங்கும் முன்பே களைத்துப் போயிருப்பார்.

இந்தத் தடவை வந்தது ஓர் அலுமினிய வளையம். சிறுகோளுக்குப் போகும் விண்கலத்தில் அகச்சிவப்புக் கேமராவின் கண்ணைச் சுற்றிப் பொருத்துவார்களாம். சிறுகோளின் தரை வெயிலில் வாங்கிய சூட்டை எத்தனை வேகத்தில் விடுகிறது என்று பார்த்தே, அது தூசியா பாறையா என்று அந்தக் கேமரா சொல்லிவிடும். வளையமே சூட்டை வீசினால் எல்லாம் கெட்டது. மெருகு ஏற ஏற உலோகம் சூட்டை வீசுவது குறையும். அதனால் கண்ணாடியாக மெருகேற்ற வேண்டும், வெறுங்கை படக்கூடாது.

விண்கலக் குழுவிலிருந்து சோதனைக்கு வந்த வினிதா மேடம் வளையத்தை லேசாகச் சூடாக்கி இன்னொரு அகச்சிவப்புக் கேமராவில் பார்த்தார். கண்ணுக்குப் பளபளவென்று இருந்தது. திரையிலோ ஒரு கட்டைவிரல் வெள்ளையாகத் தெரிந்தது. விரலின் எண்ணெய் பட்ட இடம் கூடுதலாகச் சூட்டை வீசுமாம்.

"மதி, உன் மேசதானே? கை வச்சவன் இன்னியோட வூட்டுக்குப் போலாம்" என்றார் ஜெகதீசன் என்னிடம்.

வினிதா படத்தைப் பெரிதாக்கினார்.

"விரல்தான். ஆனா ஒரு ரேகைகூட இல்லையே!"

எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் நான் தப்பிக்கலாம். சொல்லவில்லை. பெரிய நல்லவன் என்பதால் அல்ல, அவ்வளவு திகைத்துப்போயிருந்தேன்.

ரசூல் பீவியக்கா தானே முன்னால் வந்தார்.

"நான்தான் மொதலாளி. கையுறைய கயட்டிக்கினு இருந்தேன், மதி மேசலேர்ந்து வளையம் வழுக்கிச்சு. வுட்டா நசுங்கிப்பூடும்னு புடிச்சிட்டேன். தொடச்சேன், போயிடுச்சுன்னு நெனச்சேன்." கட்டைவிரலை நீட்டிக் காட்டினார். "ரேஷன் கட மெஷினு நான் நான் இல்லன்னுது. இது மட்டும் கரீட்டா கண்டுபுடிச்சிடுச்சு."

வினிதா வளையத்தை விளக்குக்கு நேரே திருப்பிப் பார்த்தார்.

மறுபடி சுத்தம் செய்தால் போதும், கீழே விழுந்திருந்தால்தான் வளையம் வீணாகியிருக்கும் என்றார் வினிதா. ஜெகதீசன் அரை மனதாக இறங்கி வந்தார்.

"சரி, வேலைய வுட்டுப் போக வாணாம். நாளைலேர்ந்து பழையபடி தொட்டிக்குப் போ."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அந்தத் தொட்டிலதான் அவங்க ரேகையே போச்சு மொதலாளி!" என்று கத்திவிட்டேன்.

அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார். வழவழவென்று இருந்தது அந்த விரல்.

"வுடு நைனா" என்றார். "இனிமே அழியறதுக்கு இன்னா கீது?"