வண்டியிலேர்ந்து விழுந்துட்டான்

பட்டாபிராம் மைதானத்தில் ஆடும் எங்கள் கால்பந்து கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்தில் எவனுக்கு அடிபட்டாலும் வீட்டில் "வண்டியிலேர்ந்து விழுந்துட்டான்" என்றுதான் சொல்வோம். ஃபுட்பாலில் பட்ட அடி என்று தெரிந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆளை வெளியே விடமாட்டார்கள். பதினோரு பேர் சேருவதே எங்களுக்குப் பெரும்பாடு. கேப்டன் என்பதால் போன் போட்டுப் புளுகுவது என் வேலை. வெட்கமே இல்லாமல் செய்தேன்.

கோல்கீப்பரின் மனைவியிடம் மட்டும் மூன்று முறை புளுகியிருக்கிறேன். விரல் முறிந்தபோது, புருவம் கிழிந்தபோது, முட்டி வீங்கியபோது. மூன்றாவது முறை அவள் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாளாம். ஒரு கீறல்கூட இல்லை.

போன ஞாயிறு, மைதானத்துக்கு வரும் வழியில், பூந்தமல்லி ரோட்டில் அவனை லாரி இடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நினைவில்லாமல் கிடந்தான். அவன் மனைவிக்குப் போன் போட்டேன். லாரி என்று சொல்லியிருக்க வேண்டும். பாழாய்ப்போன வாய்க்குப் பழகிய வார்த்தைதான் வந்தது.

"வண்டியிலேர்ந்து விழுந்துட்டாம்மா."

அவள் சிரித்தாள். "இந்த வாட்டி எத்தினி கோல் வுட்டாருண்ணா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். திரும்பத் திரும்ப அடித்தேன். எடுக்கவேயில்லை.

நர்ஸ் காகிதத்தோடு வந்து நின்றாள். "கையெழுத்துப் போட அவர் ஊட்லேர்ந்து யாரும் வரலியா?"